கை ஊன்றாமல் எழுந்த மாரிசெல்வி

சரம் பின்னுவதில் மாரிசெல்வியை அடிக்க ஆமத்தூர்ப் பக்கம் ஆள் கிடையாது. ஊர் சொல்லுகிறதோ இல்லையோ, அவளே சொல்லிக்கொள்வாள். சொன்னாலும் தப்பில்லை. வெடித் திரிகளைச் சேர்த்து அவள் பின்னுகிறபோது விரல் போவது கண்ணுக்குத் தெரியாது. பின்னல் தளராது, முறுக்கிக்கொள்ளாது. அவள் பின்னின சரத்தைப் பற்றவைத்தால் நடுவில் அணைந்து மானத்தை வாங்காமல், கடைசி வெடிவரைக்கும் தொய்வில்லாமல் போகும். பெரிய ஆர்டர் வந்தால் பட்டாசுக் கம்பெனியில் முதலில் அவள் பேரைத்தான் சொல்வார்கள்.

கை அப்படி. உடம்புதான் கேட்கவில்லை. ரெண்டு பிள்ளை பெற்று, கர்ப்பப்பையையும் எடுத்த பிறகு ஊதத் தொடங்கின உடம்பு. காலையில் வேனில் வந்து இறங்கி ரப்பர் விரிப்பில் உட்கார்ந்தால், சாயங்காலம் வரை அதே இடம்தான். உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. ஒரு கையைத் தரையில் ஊன்ற வேண்டும், மறு கையைப் பஞ்சம்மாளிடம் நீட்ட வேண்டும்.

பஞ்சம்மாள் பக்கத்துத் தெருக்காரி. ஒல்லிக்குச்சி. ரெண்டு பேருக்கும் ஒரே வேன், ஒரே அறை, ஒரே வெற்றிலைப் பை. “தேரு கெளம்புது, வடத்தப் பிடிங்கடி!” என்று சத்தம் கொடுத்துக்கொண்டே மாரிசெல்வியை இழுத்து நிறுத்துவாள். அறையில் இருக்கிற நாலு பேரும் சிரிப்பார்கள். மாரிசெல்விதான் எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு ஒரு கார்த்திகை மாதத்தில் நின்றது.

தீபாவளி முடிந்து கம்பெனியைத் திறந்த புதிது. திடீரென்று விபத்து ஒத்திகை மணி அடித்தார்கள். அந்த மணி கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஓடி, வேலியோரத்து வேப்பமரத்தடிக்குப் போய்விட வேண்டும். வெடிமருந்தோடு பிழைப்பு நடத்துகிற ஊரில் ஒத்திகையை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவர் யாரும் இல்லை. எல்லாரும் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள், ரெண்டு பேரைத் தவிர. மாரிசெல்வி தரையில் கையூன்றிக்கொண்டிருந்தாள். பஞ்சம்மாள் அவளை இழுத்துக்கொண்டிருந்தாள்.

போர்மேன் பாலகுரு வயசில் சின்னவன், வாய்க்கு வாய் அக்கா என்று கூப்பிடுகிற பிள்ளை. அன்றைக்கு அவன் முகம் செத்துப்போயிருந்தது.

“அக்கா, திங்கக்கெழமையில இருந்து டப்பா ஒட்டுற கூடத்துக்குப் போயிருங்க.”

“எதுக்குத் தம்பி? என் பின்னல்ல என்ன கொறை கண்டீக?”

“பின்னல்ல ஒரு கொறையும் இல்ல. நீங்க எந்திரிக்காம பஞ்சம்மாக்கா வெளிய வர மாட்டாங்க. நெசமா ஒண்ணு நடந்தா, ரெண்டு பேரையும்ல நாங்க பறிகொடுக்கணும்?”

குண்டு என்று சொல்லியிருந்தால் மாரிசெல்வி அவனை ஏழு தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஏசியிருப்பாள். இப்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஞ்சம்மாளைப் பார்த்தாள்.

பஞ்சம்மாள்தான் குறுக்கே விழுந்தாள். “ஏ தம்பி, இவள விட்டுட்டு நான் ஓடிருவேன். சத்தியமா ஓடிருவேன். எங்கூடயே இருக்கட்டும்.”

அது பொய் என்று அங்கே நின்ற வேப்பமரத்துக்குக்கூடத் தெரியும்.

“எடையக் கொறைங்கக்கா. அடுத்த சீசன் ஆர்டர் எடுக்கையில ஒத்திகை வைப்போம். நீங்களா எந்திரிச்சு ஓடி வந்துட்டீகன்னா, ஒங்க எடம் மறுபடி ஒங்களுக்குத்தான்,” என்றான் பாலகுரு.

டப்பா ஒட்டுகிற கூடம் கேட்டுக்குப் பக்கத்தில், மருந்து அறைகளுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. முட்டு வலிக்காரிகளும் கண் மங்கினவர்களும் உட்காருகிற இடம். அட்டையை மடித்து, பசையைத் தடவி, ஒட்டி அடுக்க வேண்டும். சரம் பின்னின விரலுக்கு அது வேலையா? மாரிசெல்வி மனசுக்குள், ‘அந்த அறைக்கு நானா நடந்து போகலைன்னா நான் மாரிசெல்வி இல்ல’ என்று முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அந்தக் கூடத்து வாசலில் பார்சல் பெட்டிகளை நிறுக்கும் எடைமேடை கிடந்தது. மத்தியானம் பெட்டிகள் ஒதுங்கினதும் அதில் ஏறி நின்றாள். முள் சுற்றிக்கொண்டு போய் எண்பத்தெட்டில் நின்றது.

“மாரிசெல்வி லோடு எந்த ஊருக்குப் போகுது? லேபிள் ஒட்டணுமா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஒன் மாமியா ஊருக்குப் போகுது. கூலி நீ குடு,” என்றாள் இவள்.

அன்றிலிருந்து வீட்டில் சட்டம் போட்டாள். மூணு வேளைச் சோறு ஒரு வேளை ஆனது. ராத்திரிக்குக் கேப்பைக் கூழ், காலையில் மொச்சைப்பயறு. புருஷன் ஆண்டிச்சாமி கொத்தனார். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் புரோட்டாப் பொட்டலமும் காராச்சேவுமாகத்தான் வீட்டுக்குள் கால் வைப்பான். அந்தப் பொட்டலத்துக்கும் தடை விழுந்தது.

“ஏ புள்ள, நீ மெலியுறதுக்கு நான் எதுக்குப் பட்டினி கெடக்கணும்?”

“கடையிலயே தின்னுட்டு வாய் கழுவிட்டு வாங்க. வாசம் இந்தத் தெருவுக்குள்ள வரக் கூடாது.”

மார்கழியில் முள் இறங்கியது. தையில் இன்னும் இறங்கியது. ரவிக்கையைப் பிடித்துத் தைத்தாள். எண்பத்துமூணு வந்ததும் எடைமேடைக்கு ஒரு கும்பிடு போட்டாள். கும்பிட்டது கண் பட்டதோ என்னவோ, மாசி பிறந்ததும் முள் அங்கேயே சண்டிமாடு மாதிரி படுத்துவிட்டது.

சோற்றை இன்னும் குறைத்தாள். முள் அசையவில்லை. வேனை முந்தின நிறுத்தத்திலேயே விட்டுவிட்டு நடந்தாள். அப்போதும் அசையவில்லை. எடைமேடை கெட்டுப்போய்விட்டது என்றாள். பஞ்சம்மாளை ஏற்றிப் பார்த்தாள், சரியாகக் காட்டியது. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வெள்ளிக்கிழமை முழுப் பட்டினி இருந்தாள். சனிக்கிழமை ஏறினால் அதே எண்பத்துமூணு. அவளுடைய பழைய இடத்தில் அதற்குள் ஒரு புதுப்பிள்ளை உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தாள். அவள் பின்னல் சுமார்தான் என்று பஞ்சம்மாள் தினமும் வந்து சொன்னாள். சுமார் கைகூடப் பழகினால் தேறிவிடும் என்பது மாரிசெல்விக்குத் தெரியாதா? அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

ஊரில் இருக்கிற நர்ஸம்மாவிடம் போனாள். நர்ஸம்மா காலையிலிருந்து படுக்கிறவரை என்னென்ன சாப்பாடு என்று கேட்டாள். இவள் ஒன்று விடாமல் சொன்னாள்.

“இம்புட்டுத்தான்னா எறங்கியிருக்கணுமே. வேற ஏதோ உள்ள போகுதும்மா.”

“நான் என்ன களவாண்டு திங்கிறேன்னு சொல்றீகளா? மாரியம்மா மேல சத்தியம். வேற ஒண்ணும் என் வாயில படல!” சேலையை உதறிக்கொண்டு வந்துவிட்டாள். சத்தியம் செய்தவள் பொய் சொல்லவில்லை. அவள் மனசுக்கு அது முழு உண்மைதான்.

மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கம்பெனிக்கு லீவு விட்டார்கள். மாரிசெல்விக்கு வெறுத்துப்போய்விட்டது. ‘ஆனது ஆகட்டும்’ என்று கிடாக்கறி தின்றாள், சோறு தின்றாள், அண்ணன் வீட்டு விருந்துக்கும் போய்த் தின்றாள். சர்க்கரைப் பொங்கலை மட்டும் நாக்கில் தொட்டு வைத்தாள். இனிப்பு அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே ஆகாது. லீவு முடிந்து, அடி வாங்கப் போகிற பிள்ளை மாதிரிப் பயந்து பயந்து எடைமேடையில் ஏறினாள்.

முள் எண்பத்துமூணுக்குப் போகவில்லை. அதற்கு முன்னாலேயே நின்றது.

இறங்கி மறுபடியும் ஏறினாள். பஞ்சம்மாளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள்.

“ஏத்தா, கறி தின்னா எளைக்குமா? அப்ப நான் எதுக்கு மாசி முழுக்கக் கூழு குடிச்சேன்?”

“அங்கன எதையோ திங்காம இருந்திருக்க,” என்றாள் பஞ்சம்மாள்.

“திங்காததா? நான் திங்காதது அந்த வீட்டுச் செங்கல் மட்டுந்தான்.”

அன்று சாயங்காலம் வேலை முடிந்து எல்லாரும் குழாயடியில் கை கழுவினார்கள். பட்டாசு வேலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கை கழுவினதும் ஒரு கட்டி வெல்லம், கூடவே ஒரு வாழைப்பழம் தின்பார்கள். பகலெல்லாம் மூச்சில் ஏறின மருந்துத் தூசி நெஞ்சில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும் என்று நம்பிக்கை. வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்து மாரிசெல்வி தின்கிறாள். மாத்திரையைச் சாப்பாடு என்று யாராவது சொல்வார்களா? இதையும் அப்படித்தான் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கட்டியை எடுத்தாள். வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. கட்டியைப் பார்த்தாள். பக்கத்தில் பஞ்சம்மாள் கையில் இருந்ததையும் பார்த்தாள். பஞ்சம்மாள் கையில் புளியங்கொட்டை அளவு. இவள் கையில் எலுமிச்சம்பழம் அளவு.

எப்போது இம்புட்டுப் பெரிசு ஆனது? சோறு குறையக் குறையச் சாயங்காலம் கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததே, அப்போதெல்லாம் கை தானாகப் பெரிய கட்டியாக உடைத்திருக்கிறது. ஒரு பழம் ரெண்டு பழம் ஆகியிருக்கிறது. லீவில் வீட்டில் தூசியும் இல்லை, வெல்லமும் இல்லை.

“அடிப் பாவி! நர்ஸம்மாகிட்ட அம்மன் மேல சத்தியம் பண்ணிட்டு வந்தேனே!” என்று தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

பஞ்சம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. “எதை வேணாலும் விடு, இத விடாத. நெஞ்சுல தூசி கட்டிக்கிரும்.”

“நான் ஒட்டுறது அட்ட டப்பா. எனக்கு எங்கிட்டிருந்து மருந்துத் தூசி வருது?”

“நாளைக்கு அறைக்குத் திரும்புனா?”

அந்தக் கேள்வி மாரிசெல்விக்கும் உறுத்தியது. வெட்கத்தை விட்டு மறுபடி நர்ஸம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். நர்ஸம்மா சிரித்தாளே தவிர ஏசவில்லை. “மூக்கு வழியாப் போற தூசிக்கு வாயில வெல்லத்தப் போட்டா எப்படிம்மா? அது வேற பாதை, இது வேற பாதை. வாய், மூக்கு ரெண்டையும் நல்லா மூடிக்கிட்டு வேல பாருங்க. வேல முடிச்சு எந்திரிச்சதும் கை கால் கழுவுங்க.”

அன்றோடு வெல்லம் போச்சு. முதல் வாரம் சாயங்கால வேனில் கை கால் நடுங்கியது, எதிர்ப்பட்ட ஆள் மேலெல்லாம் எரிந்து விழுந்தாள். மோரும் அவித்த சுண்டலும் கொண்டுவந்து சமாளித்தாள். மத்தியானச் சோற்றைப் பயந்து பயந்து ஒரு கை கூட்டிக்கொண்டாள். முள் படுத்த இடத்திலிருந்து எழுந்தது. வேகமாக இல்லை, வண்டிமாடு மேட்டில் ஏறுகிற மாதிரி மெதுவாகத்தான். ஆனால் நிற்கவில்லை.

எடை குறைந்தால் போதுமா, எழுந்திருக்க வேண்டாமா? நடுவீட்டில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து பழகினாள். முதலில் பின்னால் சாய்ந்து விழுந்தாள். ஆண்டிச்சாமி கை கொடுக்க ஓடி வந்தான்.

“கைய எடுங்க.”

“விழுந்துட்டியே புள்ள!”

“விழுந்தது நான்தான? நானே எந்திரிச்சுக்கிருதேன். நீங்க போயி ஒங்க செவத்தப் பாருங்க.”

ஒரு காலை முன்னால் மடித்து, உடம்பை முன்னுக்குத் தள்ளி எழுந்தால் வருகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். அதற்கப்புறம் டப்பாக் கூடத்தில் பசை தீர்ந்தாலும் அட்டை தீர்ந்தாலும், “இருங்க, நான் எடுத்தாரேன்,” என்று முதல் ஆளாக எழுந்தாள்.

ஆனி மாதம் தீபாவளி ஆர்டர்கள் வந்து குவிந்தன. பாலகுரு அவளைக் கூப்பிட்டுப் பழைய அறையில் உட்கார வைத்தான். எடை எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை. எழுபத்தாறு என்று அவளாகச் சொன்னாள், ரெண்டு தடவை சொன்னாள்.

மணி எப்போது அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. பின்னிக்கொண்டே இருந்தாள். பழக்கம் விட்டுப்போன விரல்கள் கொஞ்ச நேரம் தடுமாறி, அப்புறம் பழைய ஓட்டத்துக்கு வந்தன. அந்தச் சந்தோஷத்தில் மூழ்கியிருக்கும்போதே மணி அடித்தது.

சரம் கையிலிருந்து விழுந்தது. கால் முன்னால் மடிந்தது. உடம்பு எழுந்தது. வாசல், படி, வெயில், கல், மண். திரும்பிப் பார்க்கவில்லை. வேப்பமரத்தைத் தொட்ட பிறகுதான் மூச்சு விட்டாள். அவளுக்கு முன்னால் ரெண்டு மூணு பேர்தான் நின்றிருந்தார்கள்.

பஞ்சம்மாள் எங்கே?

பஞ்சம்மாள் கடைசியாக வந்தாள், மூச்சிரைக்க. “ஒனக்குக் கையக் குடுக்கலாம்னு திரும்புறேன், ஆளக் காணும்! எங்கிட்டுடி போனேன்னு தேடுறேன்!”

“ஏ கூறுகெட்டவளே, மணியடிச்சா ஓடணும். என்னத்தத் தேடுன?”

பாலகுரு சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தான். “மாரிசெல்விக்கா, நாளையில இருந்து ஒங்க எடத்துக்கு வந்துருங்க.”

“வாரேன் தம்பி. ஆனா ஒண்ணு,” என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மாரிசெல்வி சொன்னாள்: “வாசலோரத்துல இவள உக்கார வைங்க. நான் உள்பக்கம் உக்காந்துக்கிருதேன். நான்தான் எப்படியும் வெளிய வந்துருவேன்ல?”

“என்ன இப்ப ஒனக்கு அம்புட்டுத் திமிரு?” என்றாள் பஞ்சம்மாள்.

“ஆமா, திமிருதான்,” என்று சொல்லிவிட்டு, அறையைப் பார்த்து முன்னால் நடந்தாள்.