நஸ்லியாவுக்குக் கொண்டுபோன பசில்

நஸ்லியாவின் வாப்பா இறந்தது சுனாமிக்கு முந்திய வருடம், இரண்டாம் தவணைப் பரீட்சைக்குச் சற்று முன்னர், ஒரு செவ்வாய்க்கிழமை. கிழமையில் எனக்குச் சந்தேகமில்லை. அன்று எங்கள் வீட்டில் மரக்கறிச் சமையல். நான் பள்ளிக்கூடத்தால் வந்து சோற்றில் கை வைத்தபோது மாமா வங்கியிலிருந்து தொலைபேசியில் சொன்னார். காலையில் நெஞ்சுவலி, பகல் தொழுகையோடு அடக்கமும் முடிந்துவிட்டதாம். நஸ்லியா என் வகுப்பு. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலேயே, கடற்கரைப் பக்கமாக, ஒரு மாடிவீட்டில் இருந்தாள்.

என்ன கொண்டுபோவது என்று அன்று மாலை அம்மாவும் மாமாவும் வாதாடினார்கள். மாமா அம்மாவின் தம்பி. எங்களோடு தங்கி வேலைக்குப் போய்வந்தவர்.

"கொழும்பில வெறுங்கையோட போகேலாது அக்கா. ஒரு மலர்வளையம் செய்விப்பம்."

"அடக்கம் முடிஞ்சபிறகு அதை ஆருக்கு வைக்கப்போறாய்? உனக்கோ? அவையள் பூவெல்லாம் வைக்கிறேல்லையடா."

"அப்ப கொஞ்சம் பழம்?"

"அது செத்தவீடு. ஆஸ்பத்திரியெண்டு நினைச்சியோ?"

கடைசியில் சீனி, தேயிலை, பிஸ்கட் என்று முடிவாயிற்று. வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுக்க உதவும். எனக்கு அது போதாமல் இருந்தது.

"நஸ்லியாவுக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தானே பிள்ளை சீனி."

"சீனியை வச்சு அவள் என்ன செய்யிறது?"

மாமா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. ஆனாலும், மாமாவோடு காலி வீதிக்குப் போய் ஏதாவது பார்த்து வரச் சொன்னார்.

கடையில் நான் நெடுநேரம் எடுத்தேன். பொம்மைகள் எல்லாம் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தன. கதைப் புத்தகங்களைப் புரட்டினேன். எதைத் திறந்தாலும் ஓர் அப்பா வந்தார். வேலையால் வந்தார், பிள்ளையைத் தூக்கினார், மீன் பிடிக்கக் கூட்டிப்போனார். ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலேயே வைத்தேன். பிறகு, துண்டுகளைப் பொருத்திப் படமாக்குகிற பசில் பெட்டிகளைக் கண்டேன். ஒன்றில் பனி மூடிய மலை, கீழே ஓர் ஏரி, ஏரிக்கரையில் ஒரு மரவீடு. படத்தில் ஆட்கள் ஒருவரும் இல்லை. அதை எடுத்தேன்.

கடைக்காரர் பலூன் போட்ட தாளை உருவியபடி, "உபந்தினேட்டத துவே?" என்றார். பிறந்தநாளுக்கா மகள் என்று கேட்கிறார். நாள் முழுதும் வங்கியில் சிங்களம் பேசுகிற மாமாவுக்கு அந்த நேரம் ஒரு சொல்லும் வரவில்லை. "நே, நே மல்லி… நிகங்," சும்மாதான் என்று சொல்லி, பெட்டியை மண்ணிறத் தாளில் சுற்றி வாங்கினார். "நல்லதாத்தான் எடுத்திருக்கிறாய்," என்று வழியில் என்னிடம் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்தநாள் பின்னேரம் அம்மாவும் நானும் போனோம். கூடத்தில் பெண்கள் பாய்களில் இருந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். நஸ்லியாவின் உம்மா இருந்த உள்ளறைக்கு அம்மாவை அழைத்துப் போனார்கள். கதவருகே இருந்த நஸ்லியா என்னைக் கண்டதும் எழுந்து வந்து, என் கையிலிருந்த பெட்டியை வாங்கினாள். தாளைக் கிழிக்காமல், ஒட்டியிருந்த இடத்தை நகத்தால் மெல்ல எடுத்தாள். படத்தைக் கண்டபோது அவளுடைய முகம் பழைய முகமாக மாறிற்று.

"எவ்வளவு சின்னச் சின்னத் துண்டு! தனியப் போடேலாது இது. நீ இரி, சாச்சிட்டச் சொல்லிப் பெரிய தட்டொண்டு எடுத்துட்டு வாரன்."

அவள் குசினிப் பக்கம் ஓடினாள். அப்போதுதான் அம்மா உள்ளறையிலிருந்து வந்து என் தோளைத் தொட்டார்.

"வா."

"நஸ்லியாட்டச் சொல்லிப்போட்டு…"

"செத்தவீட்டில போயிட்டு வாறன் எண்டு சொல்றேல்ல. பேசாமல் வா."

நான் பேசாமல் போனேன். செருப்புச் சத்தம் கேட்காமல் படியிறங்கியதுகூட நினைவிருக்கிறது. பெரியவர்களின் ஒரு காரியத்தைப் பிழையில்லாமல் செய்கிறேன் என்ற நினைப்பு எனக்கு. வீட்டுக்கு வந்து, ஒன்றையும் தொடாமல் நேரே குளியலறைக்குப் போய், தலைக்குக் குளித்தோம்.

அடுத்த கிழமை அவள் பள்ளிக்கூடம் வந்தாள். இடைவேளைவரை என்னோடு கதைக்கவில்லை. பிறகு தண்ணீர்க் குழாயடியில் வைத்துக் கேட்டாள்.

"ஏன் சொல்லாமப் போன? தட்டைத் தூக்கிட்டு வந்து பாத்தா நீ இல்ல."

"எங்கட ஆக்கள் செத்தவீட்டில சொல்லிப்போட்டு வெளிக்கிடுறேல்ல. சொல்லக்கூடாது."

"சொன்னா என்ன?"

"சொன்னால், திரும்ப வாறன் எண்டு ஆகிப்போயிடும்."

"திரும்ப வந்தா என்ன?"

அதற்கு அம்மா எனக்கு ஒன்றும் சொல்லித் தந்திருக்கவில்லை. குழாயைத் திறந்து மூடினேன். நஸ்லியா தன் போத்தலைப் பார்த்தபடி சொன்னாள்.

"வாப்பாவும் அண்டைக்கு விடிய சுபஹுத் தொழப் போகக்குள்ள என்ன எழுப்பல்ல. எப்பவும் சொல்லிட்டுத்தான் போற."

எங்கள் வழக்கத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று ஏன் தன் வாப்பாவைப் பற்றிச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவளுடைய மனதை வேறு பக்கம் திருப்பவேண்டும் என்று மட்டும் தோன்றிற்று.

"பசிலைப் போட்டு முடிச்சியா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினாள். மூலைத் துண்டு நான்கையும் முதலில் தேடி எடுத்து வைத்தால், தனியாகவே போட்டு முடித்துவிடலாம் என்று நான் அவளுக்கு விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தேன்.