தேவசிகாமணியின் கண்ணாடிச் சுவர்

பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் தேவசிகாமணி பதினோரு வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தார். கடகரேகை, மகரரேகை என்று இரண்டு கோடுகள் இருப்பதையும், சூரியன் அவற்றுக்கு நடுவே வடக்கும் தெற்குமாக வருஷம் பூராவும் போய்வருவதையும் அவரிடம் படித்த பையன்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். தப்பாக ஒப்பித்தவன் பிரம்படி வாங்குவான். அப்பேர்ப்பட்டவர்தான், சூரியன் வடக்கே வரவே வராது என்று நம்பி ஒரு கட்டடம் கட்டினார்.

வேலையை விட்டது 1910 கடைசியில். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை தம்முடைய பெரிய மரப்பெட்டிக் காமிராவையும், லண்டனில் அச்சான படம்பிடிக்கும் புத்தகம் ஒன்றையும் அவரிடம் விட்டுப்போனார். காமிராவை ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டார். புத்தகத்தை மனப்பாடமே செய்துவிட்டார். மிஷன் உபதேசியாரின் மகன்; அச்சில் இருப்பதைச் சந்தேகிக்க அவருக்கு வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லை.

பள்ளிக்கூடத்துப் பெரிய துரை நல்ல மனுஷர். "உமது இடத்தை அடுத்த ஆனியில் பள்ளி திறக்கிற திங்கட்கிழமைவரை காலியாக வைத்திருப்பேன். அதற்குள் உமது கடை நடந்தால் சந்தோஷம், நடக்காவிட்டால் வாரும்" என்றார். அந்தக் கருணை தேவசிகாமணியின் தலைமேல் கத்தி மாதிரி தொங்கியது. திரும்பிப் போவதென்றால் சாகும்வரை கரும்பலகைதான்.

வீட்டுக்குப் பின்னால் கட்டடம் எழும்பியது. புத்தகம் சொன்னபடி வடக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, பன்னிரண்டு அடி உயரம். மற்ற மூன்றும் செங்கல். வடக்கிலிருந்து வரும் வெளிச்சத்தில் வெயில் கலக்காது, அது பால்போல முகத்தில் இறங்கும் என்பது புத்தகத்தின் வாக்கு. கொத்தனார் பிச்சைக்கண்ணு மட்டும் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"வாத்தியாரய்யா, வடக்க இம்புட்டுக் கண்ணாடி வச்சா கோடையில வெயில் உள்ள வந்து குந்திக்கிடும்லா?"

"சூரியன் தெக்கதான வே நிக்கி. அண்ணாந்து பாரும்."

அது தை மாதம். சூரியன் தெற்கேதான் நின்றது. பிச்சைக்கண்ணு அண்ணாந்து பார்த்துவிட்டு, "இப்பம் நிக்கித்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாந்து குழைத்தார்.

தையும் மாசியும் பொன்னாக விளைந்தன. கண்ணாடிக்குப் பக்கத்தில் நாற்காலி, மறுபக்கம் ஒரு வெள்ளைத் துப்பட்டி. கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தைத் துப்பட்டி வாங்கி, மறுபக்கத்துக் கன்னத்துக்குத் திருப்பிக் கொடுக்கும். இந்தத் துப்பட்டியை மட்டும் அவர் புத்தகம் சொன்னதைவிடப் பெரிதாக வைத்துக்கொண்டார். பாதி முகம் நிழலில் கிடப்பது அழகு என்றது புத்தகம். ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. "ரெண்டு காதுக்கும் கடுக்கன் போட்டிருக்கேன், ஒண்ணை எங்க வே ஒளிச்சீரு?" என்று கேட்டார்கள். அந்தக் காலத்துக் காமிராவின் கண்ணாடித் தகடுகளுக்கு மாநிறம் என்பதே தெரியாது. கொஞ்சம் ஏமாந்தால் மனிதரைக் கரியாக்கிவிடும். துப்பட்டிதான் நெல்லைச் சீமையின் முகங்களை மனித முகங்களாகக் காப்பாற்றியது.

சித்திரை பிறந்தது. கண்ணாடியோரமாகத் தரையில் ஒரு விரல் அகலத்துக்கு வெயில் கோடு விழுந்தது. தேவசிகாமணி அதைப் பார்த்தார், பார்க்காததுபோல இருந்துவிட்டார். வைகாசியில் கோடு பாயாக விரிந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. அங்கே இருப்பவர்களின் மூக்கு வெள்ளையாகவும் கண் இரண்டு குழியாகவும் வந்தன. நாற்காலியைப் பின்னால் இழுத்தார். தரையில் பட்ட வெயில் கீழிருந்து எகிறி, மோவாய்க்கட்டை மட்டும் ஜொலித்தது. கண்ணாடியில் ஜமுக்காளம் கட்டினார், இருட்டிவிட்டது. அவிழ்த்தார், எரிந்தது. அப்போதும் புத்தகத்தில் தப்பிருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சூரியன்தான் ஏதோ ஒழுங்கீனமாக நடந்துகொள்கிறது என்று நினைத்தார்.

புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் இன்னொரு வழி இருந்தது. சூரியனே வேண்டாம், தகரத் தட்டில் மக்னீசியப் பொடியைக் கொட்டிப் பற்றவைத்தால் ஒரு நொடிக்குப் பட்டப்பகல்.

அந்தப் பட்டப்பகலுக்கு முதலில் அகப்பட்டவர் சங்கிலிபூதத்தான். ஏழு ஊருக்குக் காவல்காரர், பனைமட்டை அகலத்துக்கு மீசை. கண்ணாடியை ஜமுக்காளத்தால் மூடி, அவரைக் கையில் கம்போடு உட்காரவைத்து, தேவசிகாமணி பொடிக்கு நெருப்பு வைத்தார். இடி விழுந்ததுபோல ஒரு வெள்ளை. அப்புறம் புகை. புகை விலகியபோது நாற்காலி காலி. சங்கிலிபூதத்தான் தெருவில் நின்றார்.

"என்னவே, படம் புடிக்கக் கூப்பிட்டீரா, வெடி வைக்கக் கூப்பிட்டீரா? மீசை கருகியிருந்தா நான் எந்த ஊருக்குவே காவல் நிக்க?"

வேடிக்கை என்னவென்றால், தேவசிகாமணி அதுவரை எடுத்ததிலேயே துல்லியமான படம் அதுதான். மீசையில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. கூடவே, பேயைக் கண்ட குழந்தையின் கண்களும் தெரிந்தன. சங்கிலிபூதத்தான் படத்தைப் பார்த்தார், தகட்டைக் கேட்டு வாங்கினார், கல்லில் வைத்து உடைத்தார், ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். ஊர் அவருக்கும் சேர்த்துப் பேசியது. பத்து நாளாக யாரும் வாசல்படி மிதிக்கவில்லை.

இந்த நிலையில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ரயிலேறி அனந்தநாராயணன் வந்தார். வக்கீல் குமாஸ்தா, வெடிக் கதை இன்னும் கல்லிடைக்குறிச்சிக்குப் போகவில்லை.

"அப்பாவுக்கு சஷ்டியப்தபூர்த்தி. வர புதன்கிழமை அப்பாவும் அம்மாவும் நெல்லையப்பரைச் சேவிச்சுட்டு இங்கே வருவா. பத்தரைக்கு மேலே பன்னெண்டுக்குள்ளே எடுத்துடணும். பன்னெண்டுக்கு ராகுகாலம் வந்துடும்."

"சாயங்காலம் நாலு மணின்னா வெளிச்சம் கொஞ்சம்…"

"நாலு மணிக்கு ரயில் ஓய்."

வெளிச்சத்தின் நேரத்தைப் பஞ்சாங்கம் தீர்மானிக்கும் என்று லண்டன் புத்தகம் எழுதியவருக்குத் தெரியாது. தேவசிகாமணி சரி என்றார். பள்ளிக்கூடம் திறப்பது அந்தப் புதனுக்கு அடுத்த திங்கள். கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத்தில் ஒரு படம் நன்றாக மாட்டப்பட்டால் ஆற்றங்கரை ஊர்கள் அத்தனையும் வரும்; கெட்டுப்போனால் திங்கட்கிழமை மணி அடிக்கும்போது அவரும் பையன்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவர் சாப்பிட மனமில்லாமல் வீட்டைச் சுற்றி நடந்தார். உச்சிப்பொழுது. கண்ணாடிக் கட்டடத்தின் தெற்குச் சுவரை ஒட்டி, கூரை இறவாரத்துக்குக் கீழே, மனைவி யூனிஸ் காலை நீட்டி உட்கார்ந்து முறத்தில் சீரகம் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவசிகாமணி நின்றுவிட்டார். அவள் முகம் முழுக்க வெளிச்சம் இருந்தது, வெயில் ஒரு பொட்டு இல்லை. கண்ணுக்குக் கீழே குழி இல்லை. மூக்குத்தண்டின் இரண்டு பக்கமும் தெரிந்தது. பதினாலு வருஷமாகப் பார்க்கிற முகம். இவ்வளவு நன்றாக அவர் பார்த்ததில்லை.

"ஏட்டி, இங்கன ஏன் இருக்கே?"

"வேற எங்கன இருக்க? நிழல் இங்கனதான கெடக்கு."

"நீ எப்பவும் வடக்காலதான இருப்பே?"

"அது பங்குனி வரைக்கும். சித்திரைக்கு மேல நிழலு தெக்க வந்துரும்லா. ஆவணி போனா மறுபடி வடக்க போவோம். எல்லா வீட்டுலயும் பொம்பளைக அப்படித்தான இடம் மாத்துதோம்." முறத்தை ஒருமுறை புடைத்தாள். "நீங்க பூகோளம் வாத்தியாரு. ஒங்களுக்குத் தெரியாததா?"

கடகரேகை, மகரரேகை இரண்டும் பதினோரு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவர் முற்றத்துக்கு வந்து சேர்ந்தன. லண்டனில் சூரியன் தெற்கைவிட்டு நகராது. புத்தகம் பொய் சொல்லவில்லை. பாளையங்கோட்டை என்று ஓர் ஊர் இருப்பது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் பிச்சைக்கண்ணு கடப்பாரையோடு வந்தார்.

"தெக்குச் சுவரை இடிக்கணும். நடுவுல எட்டு முழம்."

"நான் கட்டினதய்யா அது."

"அதான் ஒம்மைக் கூப்பிட்டேன்."

கட்டும்போது இல்லாத உற்சாகம் இடிக்கும்போது பிச்சைக்கண்ணுவுக்கு வந்தது. உத்தரத்துக்கு இரண்டு பனந்தூண் முட்டுக்கொடுத்து, செவ்வாய் மாலைக்குள் சுவரில் எட்டு முழத்துக்கு வாய் திறந்துவிட்டார். வடக்குக் கண்ணாடியைக் கறுப்புக் கம்பளியால் மூடினார்கள். கம்பளிக்கு முன்னால் துப்பட்டி நின்றது. தெற்கிலிருந்து ஆகாசத்து வெளிச்சம் உள்ளே நடந்து வந்தது.

புதன்கிழமை பத்தே முக்காலுக்கு வண்டி வந்து நின்றது. அனந்தநாராயணன், அவர் தகப்பனார், கூறைப்புடைவையும் வைரத் தோடுமாகத் தாயார் பாலாம்பாள். கிறிஸ்தவர் வீட்டுக்குள் போய்வந்தால் குளிக்க வேண்டும். ஊருக்குப் போனதும் ஆற்றிலேயே குளித்துக்கொள்வதாக ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். ஆகவே எல்லாரும் தாராளமாகப் பழகினார்கள்.

பாலாம்பாள் நாற்காலிவரை வந்தாள், நின்றாள். உடைத்த சுவருக்கு வெளியே வண்டிப்பேட்டை. மாட்டை அவிழ்த்துவிட்ட வண்டிக்காரர்கள் பத்துப் பேர் வரிசையாகக் குந்தி, கூத்துப் பார்க்கத் தயாராக இருந்தார்கள்.

"அனந்து, இத்தனை ஆம்பளை முன்னாடி நான் எப்படிடா உக்கார?"

"அம்மா, ஒரு நிமிஷம்தானே."

"அரை நிமிஷமும் மாட்டேன்."

கதவடைக்கலாமென்றால் கதவே இல்லை. கம்பளியை மாற்றிக் கட்டினால் வெளிச்சம் போய்விடும். மணி பதினொன்றேகால். தேவசிகாமணி வண்டிக்காரர்களிடம் போய்க் கெஞ்சினார். "நாங்க பாட்டுக்கு இருக்கோம், நீங்க பாட்டுக்கு எடும் அண்ணாச்சி" என்று அவர்கள் பெருந்தன்மையாகச் சொன்னார்கள்.

யூனிஸ் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அவள் வேதக்கோவிலில் மாலைமாற்றியபோது கட்டிய சேலை: தூய வெள்ளை, ஊதினால் பறக்கிற மல் துணி. இறவாரத்து மூங்கிலில் அதை விரித்துக் கட்டினாள். ஆனிக் காற்றில் பறக்காமல் இருக்க, அடியில் இன்னொரு மூங்கிலைச் செருகினாள். வண்டிக்காரர்கள் மறைந்தார்கள்.

தேவசிகாமணி வெளிச்சம் போய்விட்டதே என்று வாயெடுத்தவர், வாயை மூடிக்கொண்டார். போகவில்லை. சேலை முழுதும் ஒளியாகிவிட்டது. கூறைப்புடைவையின் மடிப்பு தெரிந்தது, பெரியவர் நெற்றிச் சுருக்கம் தெரிந்தது, தோட்டில் வைரம் கண்ணைக் குத்தாமல் மினுங்கியது. கறுப்பு எங்கேயும் இல்லை.

ஆனால் ஆறு எண்ணும்வரை அசையக் கூடாது. தலைக்குப் பின்னால் வைக்கும் இரும்புக் கவையை எடுத்து வந்தார்.

"அது எத்தனை பேர் தலையிலே பட்டதோ! என் மேலே படப்படாது" என்றாள் பாலாம்பாள்.

"அசைஞ்சா படம் கலங்கிப்போகும்மா."

"தினம் காலம்பர ஒரு மணி நேரம் ஜபத்திலே இருக்கேன். ஒரு ஈ உக்காந்தாலும் அசைய மாட்டேன். நீ எண்ணு."

பெரியவர் மட்டும் கவைக்குச் சம்மதித்தார். அவருக்கு மனைவி அருகில் இருக்கும்போது தலையாட்டுவது பழக்கம். தேவசிகாமணி காமிராவின் மூடியை எடுத்தார். ஒன்று, இரண்டு… ஆறு. மூடினார். மறு தகடு. மணி பதினொன்று ஐம்பது.

இருட்டறையில் தகடு மருந்துக்குள் கிடந்தது. கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இரண்டு பேர் மெதுவாக மேலே வந்தார்கள். நான்கு காதும் வந்தன. பாலாம்பாளின் உதட்டில் ஜபத்துக்கும் சிரிப்புக்கும் நடுவே ஏதோ ஒன்று நின்றது. தேவசிகாமணி வெளியே வந்து கையைத் துடைத்தார். யூனிஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். சேலையை அவிழ்க்கப் போன கையை எடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை அச்சுப்படம் வாங்க வந்த அனந்தநாராயணன் வெகுநேரம் அதைப் பார்த்தார். "அம்மா இப்படித்தான் இருப்பாளா!" என்றார். பிறகு, "மாமா ஆத்துக்காரா எட்டுப் பேர். ஒரே படத்துலே அடங்குவாளா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்து முதல் மணி அடித்தபோது பிச்சைக்கண்ணு உடைந்த சுவருக்கு முன்னால் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"ஆவணி போனா வெயிலு இந்தப் பக்கம் திரும்பிரும்யா. இப்பமே செங்கல் சொல்லிரட்டா? அடைச்சிருவமா?"

இரண்டாம் மணியும் அடித்தது. தேவசிகாமணி சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டார்.

"அடைக்க வேண்டாம்வே. எட்டு முழத்துக்குக் கதவு போடும். வருஷா வருஷம் திறந்து மூடணும். நல்ல தேக்காப் பாரும்."