சோபாவிலிருந்து விழுந்த நர்மதை

பார்க்கிங் என்ற ஆங்கிலேய ஊரில் நான் படித்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை சொன்னார்: "அடுத்த கிழமை எல்லாரும் உங்கட ஊரைப் பற்றிக் கதைக்க வேணும்." வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு யாழ்ப்பாணம். அப்பாவின் சென்னையை யாரும் வாய் பிளந்து கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. அம்மா பிறந்து வளர்ந்த ஜபல்பூரைப் பிடித்துக்கொண்டேன். தாத்தா அங்கே ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருக்குப் பின் மாமாவும் அங்கேயே. குடும்பம் முழுக்க வளர்ந்தது தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். வரும் கோடை விடுமுறையில் என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போவதாக அம்மா சொல்லியிருந்தாள். விசா இழுபறியில் பல விடுமுறைகள் போன பிறகு கிடைத்த வாய்ப்பு அது.

நல்ல வேளையாக மாமா அப்போது எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். அம்மாவின் நீலப்புடவையை உருவி சோபாவில் நீளவாக்கில் விரித்தார். அதுதான் நர்மதை. மேல்கோடியில் குவாரிகாட், சாயங்காலம் விளக்குகள் மிதக்கும் படித்துறை. சோபாவின் விளிம்பிலிருந்து புடவை தரையில் விழுந்த இடம் துவாந்தார் அருவி. அதற்குக் கீழே இரண்டு பக்கமும் சோப்புக்கட்டிகளை நிறுத்திவைத்தார், படகில் போய்ப் பார்க்கும் பளிங்குப் பாறைகளாம். அப்பாவின் ஷூ பெட்டி தொழிற்சாலை. அதன் பக்கத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் சம்படத்தை வைத்து, வீடு என்றார். கங்கையில் குளித்தால்தான் புண்ணியம், நர்மதையைப் பார்த்தாலே போதும் என்று அங்கே சொல்வார்களாம். குளியல் பிடிக்காத எனக்கு அந்த ஆற்றின் மேல் மரியாதை கூடிவிட்டது.

ஷிப்ட் முடிந்து வந்த அம்மா, புடவையின் கதியைப் பார்த்து மாமாவைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தாள். ரயில் பாதை இந்தப் பக்கம் என்று திருத்தினாள். சம்படத்தைக் கொஞ்சம் நகர்த்தி, பின்னால் முருங்கை மரம் இருக்கிறதே, அதற்கு இடம் வேண்டாமா என்று கேட்டாள். மாமா தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். வரும் மாதம் அவருக்கு ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு பெங்களூரில் மகனோடு இருக்கப்போகிறார்.

அம்மா சம்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஒரு சின்ன மனையாவது வாங்கிப் போட்டிருக்கலாமே அண்ணா."

"அப்பா வாங்கல. நானும் வாங்கல. என்னிக்கிருந்தாலும் திருநெல்வேலிக்குத் திரும்பிப் போறவங்கதானேன்னு இருந்துட்டோம்."

தாத்தாவின் பூர்வீகமான திருநெல்வேலியிலும் எங்களுக்கு வீடு கிடையாது. அங்கே போகும்வரைதானே என்று இரண்டு தலைமுறை ஜபல்பூரில் விருந்தாளியாகவே வாழ்ந்து தீர்த்திருக்கிறது. அதெல்லாம் எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அன்று எனக்கிருந்தது ஒரே கவலை.

"அப்போ லீவுக்குப் போனா நாம எங்க தங்குவோம்?"

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "லாட்ஜ்ல தங்கலாம்டி."

லாட்ஜ்! என் வகுப்புத் தோழிகள் ஊருக்குப் போனால் சித்தப்பா வீட்டிலும் பெரியம்மா வீட்டிலும்தான் தங்குவார்கள். நான் சோப்புக்கட்டிகளைத் தாண்டித் தாண்டிக் குதித்தேன். அங்கே நீச்சல் குளம் இருக்குமா என்று அம்மாவை விடாமல் நச்சரித்தேன். இருக்கும் என்றாள். சொந்த ஊருக்கு அம்மா சுற்றுலாப் பயணியாகிப்போன நாளில் அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தது நான் ஒருத்திதான்.