படகுக்குள் ஊற்றிய தண்ணீர்

பெயிண்டுக்கு முன்னால் அடிக்கிற பிரைமருக்கு ஒரு வாசனை உண்டு. அழுகப்போகிற வாழைப்பழம் மாதிரி முதலில் ஓர் இனிப்பு, பின்னாலேயே மூக்கை அறுக்கிற காரம். போன வாரம் எங்கள் கம்பெனியில் ஜெனரேட்டர் அறைக் கதவுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை வந்ததும் என் கால் இரண்டும் நனைந்துவிட்டதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தேன். ஷூ காய்ந்துதான் இருந்தது. சபையில் இரண்டு நிமிடம் சொல்லி முடித்த சாட்சியை முழுசாக எழுதி வைக்க வேண்டும் என்று அங்கே நின்றபோதுதான் தோன்றியது.

என் பெயர் ஜான்சன். வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்குக் கீழே இருக்கிற தெருவில். சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஏசி, கரண்ட் பராமரிப்பு வேலை. உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாத உடம்பு எனக்கு. ஜெபம்கூட மொட்டை மாடியில் நடந்துகொண்டேதான். என் மனைவி சுகந்திக்கு நான்கு வருஷமாக டயாலிசிஸ். திங்கள், வியாழன். வாரத்தில் மற்ற ஐந்து நாளும் எங்களுக்கு அந்த இரண்டு நாளுக்கு முந்தின நாளும் பிந்தின நாளும்தான்.

மழை பெருத்தால் எங்கள் தெரு துண்டாகிவிடும். மீட்புப் படகுகள் முதலில் பெரிய தெருக்களைப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வரும். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் எங்கள் சபையில் ஜெபித்து, கடற்கரைச் சாலையில் மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து பழைய அலுமினியப் படகு ஒன்றை வாங்கினோம். தட்டையான அடிப்பாகம், ஆறு பேர் உட்காரலாம், ஆணி ஆணியாக ரிவெட் அடித்தது. கைக்கு வந்த அன்றைக்கே அதன் மூக்குப் பக்கம் வெளியே ஒரு பலகை மாட்டினேன். ‘கர்த்தர் காப்பார்’ என்று நீலத்தில் எழுதின பலகை. என் டிரில், என் கை, நான்கு ஓட்டை, நான்கு ஸ்க்ரூ. பாஸ்டர் ஐயா ஜெபித்து ஏரியில் இறக்கினார். நானும், எங்கள் சபையைச் சேர்ந்த ஆட்டோக்காரன் தேவாவும் ஒரு சுற்று வந்தோம். ஒரு சொட்டு இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்த வருஷம் கார்த்திகையில் வெள்ளம் வந்தது. வியாழக்கிழமை. சுகந்தியை உட்கார வைத்தோம். எதிர்வீட்டுக் குமாரும் அவர் மனைவியும் ஏறிக்கொண்டார்கள். நானும் தேவாவும் துடுப்பு. மூன்றாவது மின்கம்பம் தாண்டும்போது தரைப்பலகைக்கு நடுவிலிருந்து தண்ணீர் மேலே வந்தது. முதலில் துடுப்பில் வழிந்தது என்று நினைத்தேன். ஐந்தாவது கம்பத்தில் கணுக்கால். சுகந்தி பையில் வைத்திருந்த பிளாஸ்டிக் மக்கை எடுத்து அள்ளி ஊற்ற ஆரம்பித்தாள். ஊசி குத்திக் குத்தித் தடித்த கை அது. அள்ளினதைவிட வந்தது அதிகம். திருப்பிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டோம்.

இரண்டு நாள் கழித்து வேறு படகு வந்து அவளை எடுத்துப்போனது. டயாலிசிஸ் தவறியதில் அதற்குள் அவளால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினாள். படகிலும் தண்ணீர், அவள் மார்பிலும் தண்ணீர். இரண்டையும் என்னால் இறைக்க முடியவில்லை. பிழைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை இப்படி வரக் கூடாது என்று மட்டும் டாக்டர் சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அடுத்த மழைக்குள் படகைச் சரி செய்தாக வேண்டும். வேறு வழி தெரியவில்லை. வேறு வீடு பார்க்கலாம் என்றால் அவள் மாட்டேன் என்றாள். தை மாசத்திலிருந்து ஆவணி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாம் படகோடுதான் போனது. தரைப்பலகையைக் கழட்டி, நடுவில் இருக்கிற ரிவெட் ஒவ்வொன்றின் தலையிலும் சிலிகான் வைத்தேன். மூன்று பேரும் மணல் மூட்டையுமாக ஏரியில் இறக்கிப் பார்த்தோம். ஒழுகியது. இரண்டு உருண்டையைப் பிசைந்து ஒட்டுகிற பசையை அதன்மேல் அப்பினேன். ஒழுகியது. தார் காய்ச்சி ஊற்றினேன். அதற்கும் ஒழுகியது. மூட்டையையும் ஆளையும் இறக்கிவிட்டால் மட்டும் காய்ந்த சட்டி மாதிரி கிடக்கும். குமார் கரையில் நின்று, “ஜான்சன் சார், இது படகா வடிகட்டியா, முதல்ல அத்த முடிவு பண்ணுங்க” என்றார். அவர் சொல்வதில் தப்பில்லை. அவரும் அதில் நனைந்தவர்.

நான் ஜெபிக்காமல் இல்லை. ஆண்டவரே, ஒழுகுவதை நிறுத்தும். எட்டு மாசம் இதே ஒரு வரி. மொட்டை மாடித் தரையில் என் நடை தேய்ந்து தெரிகிற அளவுக்கு. பலகையிலே உம்முடைய பெயர் இருக்கிறதே, அதற்காவது செய்யக் கூடாதா என்றுகூடக் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அப்புறம் புரட்டாசி கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அந்த வரியைச் சொல்ல வாய் வரவில்லை. அலுத்துவிட்டது. நடையை நிறுத்தினேன். தண்ணீர்த் தொட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, “எங்கேன்னாவது காட்டும்” என்றேன். அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை. கீழே இறங்கி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை கம்பெனி வாசலில் செக்யூரிட்டி நண்பர் ஒருவரிடம் படகு ஒழுகுவதைச் சொல்லிப் புலம்பினேன். திருநீர்மலை ரோட்டில் நசீர் பாய் என்று ஒருத்தர் வேன்களுக்கு அலுமினிய பாடி கட்டுகிறார், அவரிடம் போங்கள் என்றார். நான் கேட்காமலே சொன்னார். அந்த வாரமே படகைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன்.

நசீர் பாய்க்கு என் வயசு இருக்கும். காதில் பென்சில். படகை ஒரு சுற்று சுற்றி வந்தார், அங்கங்கே விரலால் தட்டினார். மூக்குப் பக்கம் வந்ததும் பலகையின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“இன்னா அண்ணா இது, படகா பர்த்டே கேக்கா? இம்மாம் க்ரீம் பூசிகினு கீறீங்க.”

நான் எட்டு மாசமாகப் பூசினதை எல்லாம் சுரண்டி எடுக்க அவருக்கு இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். படகு இரண்டு மர ஸ்டாண்டின் மேல் இடுப்பு உயரத்தில் நின்றது. அடியில் மணல் மூட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார். கையில் ஹோஸ் பைப். உள்ளே தண்ணீர் விடப் போகிறேன் என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே தண்ணீர் வரக் கூடாது என்று எட்டு மாசம் கெஞ்சினவன் நான். அதைச் சொன்னேன்.

“வெளிய இருந்து உள்ள வர்றது எங்க வருதுன்னு தெரியாது அண்ணா. பலகைக்கு அடியில ஓடி, எங்கியோ போய் எந்திரிக்கும். உள்ள இருந்து வெளிய போறது பளிச்னு தெரியும். நீங்க கீழ குந்திகினு பாருங்க.”

குந்தினேன். கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்தார். ஒரு சாண் அளவுக்குத் தண்ணீர் விட்டார். ரொம்ப விட்டால் கனத்தில் படகே வாயைப் பிளந்துவிடுமாம். நான் சிலிகானும் பசையும் தாரும் கொட்டின நடுப் பகுதியில் இரண்டே ரிவெட் வியர்த்திருந்தது. வட்டம் போட்டேன். இரண்டு வியர்வைத் துளியா என் மனைவியை அந்த நிலைமைக்குக் கொண்டுபோனது? நம்ப முடியவில்லை.

பாய் படகின் பின்பக்கத்துக்கு ஜாக்கி வைத்து மெதுவாகத் தூக்கினார். தண்ணீர் மூக்குப் பக்கம் ஓடியது. ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் பலகையின் கீழ் விளிம்பிலிருந்து ஒழுக ஆரம்பித்தது. சொட்டு இல்லை, ஒழுக்கு. நீல எழுத்துக்குக் கீழே நான்கு கோடாக இறங்கி என் முழங்காலில் விழுந்தது. பலகையைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டேன்.

வெறும் படகு மிதக்கும்போது அந்தப் பலகை தண்ணீருக்கு நான்கு விரல் மேலே இருக்கும். ஐந்து பேர் ஏறி உட்கார்ந்தால் மூக்கு இறங்கும். நான் போட்ட ஓட்டைகள் தண்ணீருக்குள் போகும். அங்கே நுழைகிற தண்ணீர் தரைப்பலகைக்கு அடியில் ஓடி, நடுவில் வந்து எழும்பும். எட்டு மாசம் நான் பார்த்தது அது எழும்புகிற இடத்தை.

பலகையைக் கழட்டுங்கள் பாய் என்றேன். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கைப்பிடி என் பக்கம் இருக்கிற மாதிரி நீட்டினார்.

“பேரு எழுதிகீது. நான் கை வெக்கக் கூடாது. நீங்க மாட்டினது, நீங்களே கழட்டுங்க.”

நான்கு ஸ்க்ரூவும் துருப்பிடித்து இறுகியிருந்தன. அவற்றைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பவுடராக உதிர்ந்தது. குச்சி நுழைகிற அளவுக்கு நான் போட்ட ஓட்டை இப்போது சுண்டு விரல் நுழைகிற அளவு. இரும்பும் அலுமினியமும் அழுக்குத் தண்ணீரில் சேர்ந்து கிடந்தால் அலுமினியம் கரைந்துபோகும் என்று பாய் விளக்கினார். கரண்ட் வேலை பார்க்கிற எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான். சாமி காரியம் என்று யோசிக்காமல் கையில் கிடைத்த இரும்பு ஸ்க்ரூவை இறக்கிவிட்டேன்.

“பாய், முதல் நாளே உங்களுக்குத் தெரியும்தானே?”

அவர் ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலேதான் சொன்னார். “தெரியும். உங்க சாமி போர்டை கழட்டுங்கன்னு நான் எப்டி அண்ணா சொல்றது? என் வாயில வந்தா நல்லா இருக்காது. தண்ணியே சொல்லட்டும்னு வுட்டேன்.”

அந்தப் பக்கம் மசூதியில் பாங்கு சொன்னார்கள். அவர் கை கால் கழுவப் போனார். நான் ஈர முழங்காலோடு படகின் அடியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆண்டவரிடம் எங்கே என்று காட்டும் என்றேன், காட்டிவிட்டார். என் கையாலேயே வட்டம் போட வைத்துக் காட்டினார். ஓட்டையும் என் கை போட்டதுதான்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் வேலை. ஓட்டைகளின் மேல் அலுமினியத் துண்டு வைத்து, நடுவில் சீலன்ட் பசை தடவி, அலுமினிய ரிவெட்டே அடித்தார். தளர்ந்த ரிவெட்டுக்கு வெளியே நான் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுக்க, உள்ளிருந்து அவர் சுத்தியலால் இறுக்கினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டுத் துடைத்து, அன்றைக்கே பிரைமர். அதன் மேல் இரண்டு கோட் எபாக்ஸி பெயிண்ட். செம்பு கலந்த பெயிண்ட் மட்டும் இதன்கிட்டே வரவே கூடாது, அதுவும் அலுமினியத்தைத் தின்னும் என்றார். ஏழு நாள் யாரும் தொடக் கூடாது.

ஏழு நாள்! ஐப்பசி பிறந்துவிட்டது. நான்காம் நாள் பொறுக்க முடியாமல் போனேன். காய்ந்துவிட்டதா என்று பெருவிரலை வைத்துப் பார்த்தேன். ஒட்டியது. பாய் பார்த்துவிட்டார். “உங்களோட ஒரே பேஜாரு அண்ணா, வூட்டுக்குப் போய் ஜெபம் பண்ணுங்க” என்று அனுப்பிவிட்டார். போய்ப் பண்ணினேன். அந்த ஏழு நாளும் பெரிய மழை வரவில்லை. எட்டாம் நாள் படகு வீட்டுக்கு வந்தது, ஒன்பதாம் நாள் கொட்டியது. அதற்கு வேறு காரணம் சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் நன்றி சொன்னேன். என் பெருவிரல் ரேகை இன்னும் அந்தப் படகில் இருக்கிறது.

பலகையை என்ன செய்வது என்று சபையில் கொஞ்சம் சங்கடம். கழட்டினது தப்பு என்று ஓரிருவர் முணுமுணுத்தார்கள். பாஸ்டர் ஐயா நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, ஆண்டவர் பெயரை மாட்டுவதற்கு நாம் ஓட்டை போட வேண்டியதில்லை என்றார். பலகை இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில், மூலைகளில் நான்கு துருக்கறையோடு இருக்கிறது. வருகிறவர்கள் கேட்டால் சொல்கிறேன். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று ஒழுகிக்கொண்டிருக்கலாம். நிறுத்தும் நிறுத்தும் என்று கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டிருக்கலாம். எங்கே என்று கேட்டுப் பாருங்கள். அவர் காட்டுவார். காட்டுகிற இடம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், காட்டுகிற ஆள் உங்கள் சபைக்காரராக இல்லாமலும் இருக்கலாம். சாக்பீஸை மட்டும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் இப்போதும் நடந்துகொண்டேதான் ஜெபிக்கிறேன். ஆனால் நடுவில் நிற்கிறேன். பதில் சொல்ல அவருக்கும் கொஞ்சம் இடம் வேண்டும் அல்லவா.

இந்தக் கார்த்திகையில் மறுபடியும் தெருவில் இடுப்பளவு தண்ணீர். திங்கட்கிழமை. அதே ஐந்து பேர். குமார் ஏறும்போது பேண்ட்டை முழங்கால்வரைக்கும் சுருட்டிக்கொண்டார். சுகந்தி மடியில் அதே பிளாஸ்டிக் மக். அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மூன்றாவது கம்பம். ஐந்தாவது கம்பம். நான் தண்ணீரைப் பார்க்கவில்லை, அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டே துடுப்புப் போட்டேன். நடுவில் நசீர் பாய் போன் பண்ணினார். தேவா என் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். உள்ளே இன்னா நிலவரம் என்று கேட்டார். தூசிதான் இருக்கு பாய் என்றான் தேவா. குமார் சுருட்டின பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டார்.

ஜிஎஸ்டி ரோட்டில் கரை ஏறி, ஒரு வேனைப் பிடித்து, தாம்பரத்தில் ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். டயாலிசிஸ் அறைக்குள் என்னை விட மாட்டார்கள். கதவு வரைக்கும்தான். சுகந்தி செருப்பைக் கழட்டி ஓரமாக விட்டாள். கதவைத் தள்ளப் போனவள் திரும்பி, கையிலிருந்த மக்கை என்னிடம் நீட்டினாள். உள்ளே ஒரு துளி ஈரம் இல்லை.

“இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் பாத்ரூம்ல வச்சிடுங்க. பக்கெட் தனியா நிக்குது.”