கத்துப்பெட்டியின் பின்திருகு

தையலக்கா பயந்தாங்கொள்ளி இல்ல. அதை முதல்லயே சொல்லிடணும். துணிக் கம்பெனியில வேலை பார்த்தப்போ, சூப்பர்வைசர் கழிவறைக் கதவைப் பூட்டி வச்சான். நேரா போய் அவன் இடுப்புல தொங்கின சாவியைப் பிடுங்கித் திறந்து விட்டவ இவ. அப்படிப்பட்டவளுக்கு இப்ப, சொந்த வீட்டுல சொந்த மெஷினை மிதிக்கவே கால் நடுங்குது.

காரணம், வீட்டுக்காரர். காலமெல்லாம் பஸ் ஓட்டின மனுஷன். ரிட்டயர் ஆனதும் மறதி வந்து ஒட்டிக்கிச்சு. முதல்ல சாவி வச்ச இடம் மறந்துச்சு, அப்புறம் தெரு, அப்புறம் பொண்டாட்டி. மறக்காதது ஒண்ணே ஒண்ணு, தெருமுனையில இருக்கிற ஏரி. லீவு விட்டா தூண்டிலைத் தூக்கிட்டு அங்கதான் கிடப்பாரு. இப்பவும் கண் அசந்தா கால் அங்கதான் போகுது. போன மாசம் இடுப்பளவு தண்ணியில நின்னவரை, அந்த வழியா வந்த மாவு மில்லுக்காரர் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து விட்டாரு.

வீடு ரயில்பெட்டி மாதிரி. முன்னால ஒரு ரூம், நடுவுல நீளமா ஒரு வழி, கடைசியில அக்காவோட மெஷின். மெஷின் ஓடினா முன்கதவு திறக்கிற சத்தம் கேக்காது. மெஷின் ஓடலைன்னா அடுப்பு எரியாது. இது ரெண்டுக்கும் நடுவுலதான் அவ மாட்டிக்கிட்டா.

கொழுந்தன் பெயிண்டர். வேலை முடிச்சு, கையில சுண்ணாம்போட வந்து நிப்பான்.

"பூட்டு போடுங்க அண்ணி. எத்தனை தடவை சொல்றது?"

"போட்டுப் பாத்தாச்சு தம்பி. 'வண்டி நிறைய ஆள் இருக்கு, கதவைத் திறங்க'ன்னு கதவை அடிச்சு அடிச்சு அவருக்குக் கை வீங்கிப் போச்சு. அழுதுட்டாரு. இனி நான் பூட்ட மாட்டேன்."

"அப்ப ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இன்னொரு தடவை தண்ணிக்கிட்ட போனாருன்னா, முதியோர் விடுதியில கொண்டு போய் விட்டுறலாம். அவரைப் பொணமா தூக்க என்னால முடியாது."

அவன் கெட்டவன் இல்ல. அண்ணன் தோள்ல ஏறி வளர்ந்தவன். அவனுக்கும் பயம்.

அன்னிக்கு ராத்திரி பூரா அக்காவுக்கு மடியில நெருப்பு. காலையில பரண் மேல ஏறி, அவரோட தூண்டில் பெட்டியை இறக்கினா. உள்ள, சோப்பு டப்பா அளவுல ஒரு பழைய கறுப்புப் பெட்டி. தூண்டில் நூலை இதுல மாட்டி விட்டா, மீன் கடிச்சதும் கீச்சுனு கத்தும். கரையில துண்டை விரிச்சு நிம்மதியா தூங்கணும்னு வாங்கின சாமான். 'கத்துப்பெட்டி'ன்னு பேர் வச்சிருந்தாரு.

"ஏங்க, இது எப்படி வேலை செய்யுது?"

அவர் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "டிக்கெட் மெஷின் ரிப்பேரா? கண்டக்டரைக் கேளுங்கம்மா."

சரி, நாமளே பாத்துக்குவோம்னு அக்கா அதைக் கழட்டினா. உள்ள பேட்டரி கசிஞ்சு பச்சைப் பச்சையா பூத்திருந்துச்சு. தையல் பிரிக்கிற பிளேடாலயே சுரண்டிச் சுத்தம் பண்ணினா. பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. கத்துறதுக்கு ஒரு சின்ன வில்லை, ரெண்டு ஒயர். மேல, வளைஞ்சு கொடுக்கிற மாதிரி ஒரு ஊசி நிக்குது. ஊசிக்கு முன்னால ஒரு திருகு, பின்னால ஒரு திருகு. ஊசி போய்த் திருகைத் தொட்டா கரண்ட் பாயும், பெட்டி கத்தும். அவ்வளவுதான்.

புது பேட்டரி போட்டா. போட்ட உடனே ஓன்னு கத்த ஆரம்பிச்சுச்சு. நூலே மாட்டல, அதுக்குள்ள கத்துது. ஊசி தன்னால பின்பக்கம் சாஞ்சு பின்திருகைத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு. அக்கா ஊசியை முன்னால இழுத்தா. முன்திருகைத் தொட்டதும் கத்துச்சு. இது சரி, நூலை இழுத்தா கத்தணும். பின்திருகுக்குத்தான் கோளாறு, சும்மா கத்துதுன்னு முடிவு பண்ணினா. அதை நல்லா பின்னால தள்ளி, மேல மெழுகை ஊத்தி மூடிட்டா.

தையல்காரியோட புத்தி அது. நூல்னா இழுக்கும், இழுத்தா அறுந்துடும், அதுல மட்டும்தான் அவளுக்குக் கண்ணு. ஒருத்தன் சும்மா கத்துறான்னு தோணினா, என்ன ஏதுன்னு கேக்காம வாயை அடைக்கிறது முதலாளிங்க வேலை மட்டும்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். அப்படி இல்ல.

பெட்டியை மெஷின் மேஜையில இறுக்கி மாட்டி, ஊசியில இருந்து ஒரு நைலான் நூலை வழி நெடுக இழுத்துக்கொண்டு போய், ஊசி ரெண்டு திருகுக்கும் நடுவுல நிக்கிற மாதிரி முன்கதவுக் கைப்பிடியில கட்டினா. விறைப்பா நின்ன நூலை ஒரு சுண்டு சுண்டினா. பின்னால கீச்சுனு சத்தம். கதவைத் திறந்து பாக்கல. பக்கத்து நாற்காலியில அவர் உக்காந்திருந்தாரு, கதவு திறந்தா எந்திரிச்சுடுவாருன்னு பயம்.

அப்புறம் மெஷினை மிதிச்சா. ரொம்ப நாளைக்கு அப்புறம், ஒரு தையலை நிறுத்தாம நேரா கொண்டு போனா. பாபின்ல நூல் தீந்து போய், மெஷின் நின்னுச்சு.

வீடு ரொம்ப அமைதியா இருந்துச்சு.

அக்கா திரும்பிப் பாத்தா. விறைப்பா நின்ன நைலான் நூல் தரையில துவண்டு கிடந்துச்சு, செத்த பாம்பு மாதிரி. வழியோட கடைசியில கதவு உள்பக்கமா திறந்து கிடக்கு. நாற்காலி காலி.

எந்திரிச்சு ஓடினா அக்கா. செருப்பு கூட போடல. தெருவுல யாரோ "என்னக்கா?"ன்னு கேட்டது காதுல விழல. வாய் மட்டும் "தண்ணியில இறங்காதீங்க, இறங்காதீங்க"ன்னு முணுமுணுத்துக்கிட்டே வந்துச்சு. ஏரிக்கரை ஏறினதும் முதல்ல தண்ணியைத்தான் பாத்தா. தண்ணி அசையாம கிடந்துச்சு. அதைப் பாத்ததும் கரைச் சரிவுல இறங்கி ஓடினா.

அவர் இந்தப் பக்கம், படித்துறையில உக்காந்திருந்தாரு. முழங்கால் வரைக்கும் தண்ணி.

"சத்தம் போடாதீங்கம்மா," உதட்டுல விரலை வச்சாரு. "வந்துக்கிட்டு இருக்கு."

அக்கா படியில இறங்கினா. அவர் கையைப் பிடிச்சா. வீடு வந்து சேர்ற வரைக்கும் விடல.

வீட்டுக்குள்ள வந்து, மாத்துத் துணி எடுக்க அவ திரும்பின நேரம், அவர் மெஷின் மேஜைக்கிட்ட போய் நின்னாரு. நூலைத் தூக்கி விறைப்பா பிடிச்சாரு. தளர விட்டாரு. பெட்டி கம்முனு இருந்துச்சு. குனிஞ்சு பாத்தாரு. முகம் மாறிப் போச்சு, பஸ்ஸுல பிரேக்கை எவனோ கழட்டின மாதிரி.

"பின்திருகை எவன் அடைச்சது?"

"நான்தாங்க. சும்மா சும்மா கத்துச்சு."

"சும்மா கத்துமா? விலகிப் போற மீனு நூலை இழுக்கும். நம்ம பக்கமா வர்ற மீனு இழுக்காது, நூலு தளரும். ஊசி பின்னால சாயும். இதை அடைச்சுட்டா வர்ற மீனு வந்துட்டுப் போயிடும், தெரியவே தெரியாது."

கட்டைவிரல் நகத்தால மெழுகைச் சுரண்டி எடுத்தாரு. திருகை ஒரு சுத்து, அரைச் சுத்து முன்னால கொண்டு வந்தாரு. பெட்டி கத்துச்சு. "இப்ப சரி," ன்னாரு. அடுத்த நிமிஷமே, "நீங்க எந்த ஸ்டாப்புல இறங்கணும்?"னு அவளைக் கேட்டாரு.

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். கதவைத் தள்ளின உடனே உள்ள பெட்டி ஓன்னு கத்த, அவன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டான். அப்புறம், கொடியில தொங்கின ஈரப் பேண்டைப் பாத்தான்.

"அண்ணி."

"ஆமா தம்பி. போனாரு." மறைக்க அவளுக்கு வராது.

அவன் கதவைச் சாத்திட்டு, அதுலயே முதுகை முட்டுக்கொடுத்து உக்காந்து தலையைக் கையில தாங்கினான். "நாளைக்கு நான் லீவு சொல்லிடுறேன். காலையில விடுதிக்குப் போய் பேசிட்டு வந்துடலாம்."

அப்ப நாற்காலி கிறீச்சுன்னுச்சு. அவர் எந்திரிச்சாரு. கதவுக்கிட்ட வந்து, "வழி விடுப்பா, ஏறி இறங்கறவங்க இருக்காங்க,"ன்னாரு. கொழுந்தன் தடுக்கப் போனான். அக்கா அவன் தோளைப் பிடிச்சு ஓரமா இழுத்தா. ஏன் இழுத்தோம்னு அவளுக்கே தெரியாது.

அவர் கதவைத் திறந்தாரு. நூல் துவண்டுச்சு. பின்னால பெட்டி வீல்னு கத்துச்சு.

வாசல்படியில வச்ச கால் நின்னுச்சு. தெருவைப் பாத்தாரு, திரும்பி வீட்டுக்குள்ள பாத்தாரு. ஒரு மீன்பிடிக்காரன், பெட்டி கத்தினா எந்தப் பக்கம் ஓடுவான்? ரெண்டு பேரையும் தள்ளிக்கிட்டு, வழி நெடுக வேக வேகமா மெஷின் ரூமுக்கு நடந்தாரு. நூலைக் கையில பிடிச்சு, காதை வச்சு கேக்கிற மாதிரி நின்னாரு.

"போயிருச்சு," ன்னு உக்காந்தாரு. "பரவால்ல. திரும்பி வரும்."

கொழுந்தன் எந்திரிச்சுக் கதவைச் சாத்தினான். கைப்பிடியில இருந்த நூல் முடிச்சைத் தொட்டுப் பாத்தான்.

"பேட்டரி எத்தனை நாள் தாங்கும் அண்ணி?"

"தெரியல தம்பி," ன்னா அக்கா. அதுதான் இப்ப அவளோட பயம்.

"சரி. நாளைக்கு வரும்போது ரெண்டு வாங்கிட்டு வர்றேன்."