இரண்டு முறை விலைபோன பிக்கப்

ஒருவருக்கு அலுத்துப்போனதை இன்னொருவர் ஆசைப்படும்படி கழுவித் துடைத்து நிறுத்துவதுதான் பழைய காடி, அதாவது வண்டி, விற்கும் தொழில். பிக்கப் விஷயத்தில் மட்டும் கழுவக்கூட வேண்டாம்.

சிங்கப்பூரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இருபது வருஷம் உட்கார்ந்துவிட்டு, எல்லைப் பாலத்தைத் தாண்டி சொந்த ஊரான குளுவாங்குக்குத் திரும்பி வந்து, மனைவியின் அண்ணன் சேகரனின் யார்டில் சேர்ந்தேன். பின்பக்கம் திறந்த சுமைத்தட்டு உள்ள பிக்கப் மட்டுமே விற்கிற யார்டு. இப்போது அந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். நாங்கள் போனில் படம் போட்டு விற்கிறோம். ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போது, காலையில் டீசல் என்ஜின்களை வரிசையாக முறுக்கிச் சூடேற்றும் சத்தம் எனக்கு மட்டும் கேட்கும். வண்டி வாங்கி நொந்தவர்களும் விற்று நொந்தவர்களும்தான் இதைப் படிப்பீர்கள் என்ற தைரியத்தில் அந்த நாட்களில் சிலவற்றை எழுதுகிறேன். பெரும்பாலும் ராஜம்மா அக்காவின் வண்டியைப் பற்றித்தான்.

பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கணக்கு

சிங்கப்பூரில் வண்டிக்குப் பத்து வருஷம்தான் ஆயுள். அதற்குமேல் ஓட்டுவதானால் மறுபடியும் காசு கட்டி ஆயுளை நீட்ட வேண்டும். அந்தக் கணக்கு என் தலையில் ஊறிப் போயிருந்தது. வந்த புதிதில், மச்சான் ஒரு கல்யாணத்துக்கு ஈப்போ போயிருந்த சமயம், பதினெட்டு வயதான, இரண்டு வரிசை இருக்கை உள்ள டபுள் கேப் ஒன்றுக்கு நானே விலை எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். வயதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு எழுதிய விலை. எதிர்ச்சாரியில் யார்டு வைத்திருந்த ஆ செங், சிகரெட்டைக்கூட அணைக்காமல் வந்து ரொக்கத்தை நீட்டினான். ஆ செங் பேரம் பேசாமல் ஒரு பொருளை வாங்கியதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மச்சான் திரும்பி வந்தபோது அந்த வண்டி ஆ செங்கின் முன்வரிசையில், கழுவாமலே, என் விலையைவிட ஒன்றரை மடங்கு விலையோடு நின்றது. மச்சான் அதன் கண்ணாடியில் ஒட்டியிருந்த விலையைப் படித்தார். திட்டவில்லை. பால் சேர்க்காத தே ஓ டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "மாப்ள, அங்க காடி பொறக்கும்போதே சாவு தேதி எழுதிடுறாங்க. இங்க அது தானா சாகணும் லா. அந்தக் காலத்து ஃபோர்வீலு பிக்கப்பு சாகவே மாட்டேங்குதே, நான் என்ன செய்ய?"

கீறல் விழாத பின்பக்கம்

பாசிர் கூடாங்கிலிருந்து ஒரு சூப்பர்வைசர் மூன்று வருஷ டபுள் கேப்பை விற்க வந்தார். பெரிய திரை, பின்னால் பார்க்கக் கேமரா, தோல் இருக்கை. அதைவிடப் புதிதாக ஒன்று வெளிவந்துவிட்டதாம், அதனால் இது வேண்டாமாம். நான் சொன்ன விலையைக் கேட்டு அவர் முகம் வாடிவிட்டது. வாங்கிய விலையில் இவ்வளவு போய்விட்டதா என்று மறுபடியும் மறுபடியும் கேட்டார். எனக்கே பாவமாக இருந்தது. வண்டியின் பெருமையை எடுத்துச் சொன்னால் விலை ஏறும் என்று நினைத்தாரோ என்னவோ, சுமை ஏற்றும் பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். கண்ணாடி மாதிரி பளபளத்தது. "பாருங்கண்ணே, மூணு வருஷத்துல ஒரு அரிசிப் பைகூட வெச்சதில்ல. ஏத்துனா பெயிண்ட் போயிரும்ல?"

சீட்பெல்ட்டை இழுத்தவர்

நாங்கள் வாங்கி நிறுத்திய அந்த வண்டியை முதலில் பார்க்க வந்தவர் சிகாமட்டில் ஆடு வளர்க்கும் பாக் மாட் என்ற மலாய்க்காரர். அவருடைய கம்பம், அதாவது கிராமம், ஆற்றங்கரையில் இருக்கிறது. வெள்ளம் வரும் மாதங்களில் ஆடுகளை ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும். கதவைத் திறந்ததும் திரையைப் பார்க்கவில்லை. சீட்பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து, அதன் நுனியை முகர்ந்தார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் உள்பக்கத்தில் சேறு ஒளிந்திருக்கும். இன்றைக்குப் போன் படத்தைப் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள். பெல்ட்டை முகர்ந்து பார்க்கும் ஆளைப் பார்த்து வருஷக்கணக்காகிறது.

பெல்ட் சுத்தம்தான். ஆனாலும் அவருக்கு வண்டி பிடிக்கவில்லை. பழசாக ஒன்று வந்தால் கூப்பிடச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். மலாயில் அவர் சொன்ன பதில் தமிழிலும் அதே அழகோடு வருகிறது: "பழசுக்குள்ள தண்ணி போனா வெயில்ல காய வைப்பேன், ஓடும். புதுசுக்குள்ள தண்ணி போனா பக்கத்துல உக்காந்து நான்தான் அழணும்."

ராஜம்மா அக்கா

பாலோ என்ற ஊர்ப் பக்கத்தில் அக்காவுக்கு எண்ணெய் எடுக்கும் செம்பனை நிலம் கொஞ்சம். அதைவிட முக்கியம், அக்கம்பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களின் குலைகளையும் கூலிக்கு ஏற்றி மில்லில் சேர்ப்பார். அறுத்த குலை தாமதமானால் மில்லில் விலையைக் குறைத்துவிடுவார்கள். அதனால் வண்டி நின்றால் அக்காவின் பிழைப்பும் நின்றது. அவரிடம் இருந்தது ஒரே வரிசை இருக்கை உள்ள பழைய சிங்கிள் கேப். தாழ்ந்த பக்கப் பலகை, நீளமான பின்பக்கம், கதவுக் கைப்பிடி ஒன்றுக்குப் பதிலாகக் கயிறு.

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் மகன் கதிர் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். சூப்பர்வைசரின் டபுள் கேப்பைப் பார்த்ததுமே அவன் கண் அதிலேயே நின்றுவிட்டது. "அம்மாவுக்கு ஏர்பேக் வேணும்ணே, ஏர்கான் வேணும்ணே" என்றான். பின்பக்கம் குட்டை, பலகை உயரம் என்று நான் சொன்னேன். "அப்ப ரெண்டு நடையா போவாங்க" என்றான். அக்காவின் வண்டியை நாங்கள் எடுத்துக்கொண்ட விலை முன்பணத்துக்குப் போயிற்று, மீதிக்குக் கதிர் பேரில் லோன். அவ்வளவு பழைய வண்டிக்கு இவ்வளவுதான் கிடைக்கும் என்று அக்காவிடம் நானேதான் சொன்னேன். அவர் சாவியை என் கையில் வைத்துவிட்டு, "தம்பி, வாங்குறவங்ககிட்ட சொல்லிடுங்க. ஏத்தத்துல ரெண்டாவது கியர் போடக் கூடாது, அதுக்குப் பிடிக்காது" என்றார்.

ஒரே நாள்

அக்காவின் வண்டி யார்டில் ஓர் இரவுதான் இருந்தது. மறுநாள் காலை பாக் மாட் வந்தார், பெல்ட்டை இழுத்தார், முகர்ந்தார். இந்த வயது வண்டிக்கு எந்த வங்கியும் லோன் கொடுக்காது. ரொக்கம்தான், அதைத் தயாராகவே கொண்டு வந்திருந்தார். எங்களுக்கு நல்ல லாபம். செம்பனைப் பழத்தின் நெய் வாசம் உள்ளே அப்பியிருந்தது. கழுவித் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம் வேணாம். வேலை செய்யுற வண்டிக்கு வேர்வை நாத்தம் இருக்கணும்" என்றார்.

மஞ்சள் விளக்கு

நான்கைந்து மாதம் கழித்து அக்கா டபுள் கேப்பிலேயே வந்து இறங்கினார். வலது தோள்பட்டையில் வலி நிவாரணப் பட்டை ஒட்டியிருந்தது. குலையைக் குத்தித் தூக்கி அந்த உயரப் பலகைக்கு மேல் எறிந்து எறிந்து வந்த வினை. போதாததற்கு, போன வாரம் தோட்டத்துச் சேற்று மேட்டில் வண்டியின் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு ஒன்று எரிந்ததாம். அதன்பிறகு வண்டி ஓட மறுத்து, நடக்க மட்டும் சம்மதித்திருக்கிறது. பட்டறையிலிருந்து திரும்பி வருவதற்குள் அறுத்த குலைகள் வரப்பிலேயே கிடந்து வீணாகிவிட்டன. தோட்டக்காரர்கள் கெடு வைத்துவிட்டார்கள்: மாசக் கடைசிக்குள் ஒழுங்காக ஏற்றாவிட்டால் வேறொரு லோரிக்காரனுக்குக் கொடுத்துவிடுவார்கள். "எனக்கு என் வண்டி வேணும் தம்பி" என்றார் அக்கா. அந்த மாதிரி சிங்கிள் கேப் எங்களிடம் வேறு இல்லை. ஆ செங்கிடமும் இல்லை.

டபுள் கேப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றால், அதற்குள் அதன் விலை இன்னும் இறங்கியிருந்தது. விற்றால் லோன்கூட அடையாது. கூட வந்திருந்த கதிர் தலையைச் சொறிந்துகொண்டு, "அம்மா, நானே இத வெச்சுக்கிறேன். கட்டுறது நான்தானே. ஷிஃப்ட்டுக்கு மழையில மோட்டார் சைக்கிள்ல போறதும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றான். சொல்லும்போதே போனை எடுத்துத் திரையோடு இணைத்துக்கொண்டிருந்தான். அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஆசைப்பட்டது நீ, லோன் போட்டது நீ, ஓட்டப் போறதும் நீ. நடுவுல அம்மாவுக்குன்னு ஒரு பேரு எதுக்குடா?"

ஆட்டுப் பட்டியில் பேச்சு

மச்சான், நான், அக்கா மூன்று பேரும் சிகாமட்டுக்குப் போனோம். வண்டி பட்டி ஓரமாகப் புல் சுமையோடு நின்றது. அக்கா அதன் மூக்கில் ஒரு தட்டு தட்டினார். பாக் மாட் கொடுக்க மாட்டேன் என்றார். மழைக்காலம் வருகிறது, ஆடுகளை யார் ஏற்றுவது? அவரைக் குறை சொல்லவும் முடியாது. அக்கா கெஞ்சவில்லை. மலாயிலேயே ஆடுகளைப் பற்றிக் கேட்டார், தன் குலைகளைப் பற்றிச் சொன்னார், மாசக் கடைசியைப் பற்றியும் சொன்னார். பாக் மாட் இதே அளவு பழசாக இன்னொன்று கொண்டு வந்து காட்டினால் யோசிப்பதாகச் சொன்னார். சிங்கிளோ டபுளோ, அவருக்குக் கவலையில்லை.

மச்சான் யார் யாரையோ கூப்பிட்டு, மெர்சிங்கில் ஒரு கிழட்டு டபுள் கேப்பைப் பிடித்து அந்த வாரமே ஓட்டி வந்தார். பாக் மாட் பெல்ட்டை முகர்ந்து, அதை வாங்கிக்கொள்வதாகத் தலையசைத்தார். பிறகு அக்காவின் வண்டிக்கு விலை சொன்னார். என்னிடம் வாங்கியதைவிடக் கூடுதல். இவ்வளவா என்று குரல் உயர்த்திக் கேட்டேன். அவர் மட்டும் நிதானமாக, இப்போது எல்லோரும் பழசைத்தான் தேடுகிறார்கள், வாராவாரம் யாராவது வந்து கேட்கிறார்கள் என்றார். பொய் இல்லை. நாங்களே மெர்சிங் வண்டிக்கு அப்படித்தான் கொடுத்திருந்தோம். நான் மச்சானைப் பார்த்தேன், மச்சான் என்னைப் பார்த்தார். அக்காவின் வண்டியில் நாங்கள் வைத்த லாபத்தை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தோம். பாக்கியை நாங்களே போட்டோம், அதைக் கதிர் மாதாமாதம் எங்களுக்குத் தருவதாகப் பேச்சு.

பாலோவில் அன்று காலை அறுத்த குலைகள் காத்திருந்தன. அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏறி உட்கார்ந்து என்ஜினை முறுக்கினார். ஒரே முறுக்கில் பிடித்துக்கொண்டது. கயிற்றை இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார். கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிக் கேட்டார்: "நான் விக்கும்போது கிழட்டு வண்டின்னீங்க. இப்ப நானே வாங்கும்போது மட்டும் இதுக்கு எப்படி தம்பி வயசு கொறஞ்சுச்சு?"

பழைய பிக்கப்புக்கு விலை நிற்குமா என்று இன்றும் போனில் கேட்பவர்களுக்கு நான் உண்மையைத்தான் சொல்கிறேன்: நன்றாக நிற்கும், நீங்கள் அதை என்னிடம் விற்காத வரைக்கும்.