கூழ் ஊற்றிய நாளில் நான் திறந்த வாய்

என் வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும். ஒன்பது வயதில் எனக்கு என்ன அவ்வளவு பேச்சு?

வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷம் இருக்கும். நீலசந்திராவில் எங்கள் தெருமுனையில் ஓர் அங்காளம்மன் இருந்தாள். மேலே தகரக் கூரை, காலடியில் மல்லாந்து கிடக்கும் அசுரன். என் நைனாவுக்குப் பட்டாளத்து மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் வேலை. தினமும் அவளைக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார். திரும்பி வந்து குழம்பில் உப்பு குறைந்தால் அம்மாவின் கன்னத்தில் அறைவார். இரண்டும் அவருக்கு ஒரே நாளில் முடியும்.

அக்காவுக்குப் பதினாறு வயதில் ஹெப்பகோடியிலிருந்து வரன் வந்தது. இரண்டாந்தாரம். முதல் பெண்டாட்டி கிணற்றில் வழுக்கி விழுந்துவிட்டாளாம்.

"வழுக்கி விழுந்தவ முதுகுல எப்படி அத்தினி தழும்பு வரும்? குளிப்பாட்டுனவளே எங்கிட்ட சொன்னா. எம் பொண்ண அந்த வீட்டுக்கு அனுப்பாதய்யா" என்று அடுப்படியில் அம்மா நைனாவிடம் கெஞ்சினாள்.

"நெலம் கீது, மாடு கீது. அண்ணன் வாக்கு குடுத்துட்டாரு. பொம்பளைக்கு இன்னா தெரியும்? கம்முனு கெட" என்றார் நைனா.

மறுநாள் ஆடி வெள்ளி. கோயிலில் கூழ் ஊற்றினார்கள். பம்பை அடித்ததும் அம்மாவுக்குச் சாமி வந்தது. வருஷா வருஷம் வருவதுதான். ஆனால் அந்த வருஷம் நேராக நைனா முன்னால் போய் நின்றாள்.

"எம் பொண்ண ஹெப்பகோடிக்கு அனுப்பாதேடா! அனுப்புனா பொணமாத்தான் பாப்பே!"

நைனா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தப்பு தாயே, அனுப்ப மாட்டேன் தாயே" என்று அழுதார். பெரியப்பாகூடக் கைகூப்பிவிட்டார். பக்கத்தில் நின்ற அக்கா சிரித்தாள். வரன் வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மன் சொல்வதற்கு முன்பே என் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறதே என்று அப்படி ஒரு பெருமை. "இதையேதான் எங்கம்மா நேத்து அடுப்பாண்ட சொல்லிச்சு!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

பம்பை நின்றுபோயிற்று.

"ஓஹோ, அப்படியா சங்கதி? சாமின்னா சூடு தெரியாது. கைய நீட்டு" என்று பெரியப்பா கற்பூரத்தைக் கொளுத்தி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அதற்கு முன் யாரும் அவளைச் சோதித்ததில்லை. மழை வரும், காய்ச்சல் இறங்கும் என்று சொல்லும் சாமியை யார் சோதிப்பார்கள்? அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தோல் பொசுங்கும் நாற்றம் எனக்கு வந்தது. கடைசியில் "ஐயோ" என்று கையை உதறிவிட்டாள்.

"காளியையே கால தூக்கி ஆடித்தான் சிவன் அடக்குனாரு. இவ எந்த மூலைக்கு?" என்று பெரியப்பா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நைனா எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அடுத்த ஆடிகூட வரவில்லை, அதற்குள் ஹெப்பகோடியிலிருந்து ஆள் வந்தது. கிணற்றில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். பாவிகள், வேறு பொய்கூடத் தேடவில்லை. அக்காவை அம்மாதான் குளிப்பாட்டினாள். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். முதுகைத் தேய்க்கையில் அம்மாவின் கை நின்று நின்று போயிற்று.

அதற்குப் பிறகு அம்மாவுக்குச் சாமி வரவே இல்லை. என்னை அவள் ஒரு வார்த்தை திட்டியதும் இல்லை. திட்டியிருந்தால் நான் கொஞ்சம் தூங்கியிருப்பேன். எனக்குக் கல்யாணமாகி அல்சூருக்குப் போன பிறகு, ஒருநாள் தாய்வீட்டுக்கு வந்திருந்தபோது துணிந்து கேட்டேன்.

"அன்னிக்கு வந்தது சாமியா, நீயாம்மா?"

முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாரா இருந்தா இன்னாடி? சொன்னது நெசந்தானே?" என்றாள்.